எலிஹியோவின் நெஞ்சுச் சத்தம்

பானி ஊர் முனையில் இளநீர் வெட்டி விற்கும் எலிஹியோவுக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்து ஆறு வருஷம் ஆகிறது. டிக், டிக்கென்று அது வெளியே கேட்கும். மின்சாரம் போய்ப் பக்கத்துக் கடையின் பாட்டு நின்றால் போதும், அதன் வாசலில் அவர்கள் டோமினோ ஆடும் மேசை முழுக்கக் கேட்கும். நல்ல காய் கைக்கு வந்தால் வேகமெடுக்கும். என்ன அநியாயம்! முகத்தைக் கல்லாக்கி வைத்து என்ன பிரயோஜனம்?

"இரட்டை ஆறு இவன்கிட்டதான். குதிரை ஓடுது பாரு," என்பான் எதிராளி பொலிபியோ.

ரத்தம் உறையாமலிருக்க அவனுக்குத் தினமும் ஒரு மாத்திரை. அதைப் போட்டால் அரிவாள் லேசாகப் பட்டாலும் ரத்தம் நிற்காது. அரிவாளை விட்டால் சோறில்லை. மார்ச்சில் விரல் கிழிந்து மூன்று துணி நனைந்தது, பயந்தே போனான். அன்றிலிருந்து ஞாயிறு மட்டும் மாத்திரை. மனைவி நுரிஸிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒரு வியாழன் மதியம், மின்சாரமில்லாத நேரம், தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்தான்.

பொலிபியோ காதைத் தீட்டினான். "டேய், உன் கடிகாரம் எங்கடா?"

"நின்னா நல்லதுதான். இனி எவன் கண்டுபிடிப்பான்?" சிரித்த எலிஹியோவுக்கு மூச்சு வாங்கியது.

பொலிபியோ காய்களைக் கவிழ்த்துவிட்டு எழுந்தான். "வண்டியில ஏறு."

"ஜெயிக்கிறேன்டா, பாவி!"

"ஜெயிச்சவனைத்தான் தூக்கிட்டுப் போறேன். ஏறுடா!"

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்தார்கள். வால்வில் ரத்தக்கட்டி, திறந்து மூடும் இதழ்களில் ஒன்று அசையவே இல்லை.

"கட்டியைக் கரைக்க மருந்து ஏத்தலாம். மூளையில ரத்தம் கசிஞ்சாலும் கசியும். இல்லன்னா மறுபடி நெஞ்சைத் திறக்கணும்," என்றாள் டாக்டர்.

"வேற வழியே இல்லையா?"

"இருந்துச்சு. தினமும் ஒண்ணு."

எலிஹியோவுக்கு எந்தப் பக்கம் போனாலும் சுவர். மருந்துக்கே தலையாட்டினான்.

ஒரு நாளுக்கு மேல் சொட்டுச் சொட்டாக ஏறியது. நுரிஸ் அவன் மார்பிலிருந்து காதை எடுக்கவே இல்லை. இரண்டாம் நாள் மதியம், டிக். அவள் ஓவென்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "யோவ், இனி அரிவாள் என் கையில, மாத்திரை உன் வாயில. ஒரு நாள் தப்பினா, உன்னை நானே வெட்டுவேன்."

இப்போது அவள் வெட்டுகிறாள், அவன் காசு வாங்கிப் போடுகிறான். அதில் அவனுக்குக் கொஞ்சம் வெட்கம்தான். தினமும் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, சாகும்வரை.

மதியம் மேசையில் உட்கார்ந்ததும் கடைக்காரன் தானே பாட்டை நிறுத்துகிறான். நான்கு பேரும் பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிறார்கள். டிக், டிக். கேட்ட பிறகுதான் பொலிபியோ காய்களைக் கலைக்கிறான்.

அதன்பின் எலிஹியோ ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.