முந்தல் வருவதற்குள்

ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து இறங்கிய ஜீப்பில் அன்று டிரைவர் அண்ணன், என்னோடு வேலை பார்க்கும் பஞ்சக்கா, நான், வழியில் ஏறிய என் மகளின் டீச்சர், இவ்வளவு பேர்தான்.

டீச்சர் ஏறுவதற்குச் சற்று முன்புதான், காலையில் யாரோ என் போனுக்கு அனுப்பியிருந்த அவர் ஆடிய வீடியோவைப் பஞ்சக்காவும் நானும் பார்த்தோம். ஆறாவதோடு பள்ளியை விட்ட எனக்கு எதற்கும் பயம். பிள்ளை என்ன படிக்குமோ என்று பதறி, ‘இவங்கல்லாம் டீச்சரா?’ என்று எழுதி, வீடியோவோடு பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டேன். மலையில் டவர் இல்லாததால் அது போகாமல் நின்றது.

டீச்சர் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்ததும் பஞ்சக்கா வாய் சும்மா இருக்கவில்லை. “ஆட்டமெல்லாம் பலமா இருக்கே டீச்சர்!”

டீச்சர் முகம் மாறவில்லை. “எந்தங்கச்சி கல்யாணத்துல ஆடுனது அக்கா. சொந்தக்காரங்க பாக்கத்தேன் ஸ்டேட்டஸ்ல போட்டேன். படிக்கிற பிள்ளைக, பெத்தவுக யாரையும் அதுல சேக்க மாட்டேன். எவனோ எடுத்து விட்டுட்டான். நாளைக்கு நானே ஹெச்.எம்.கிட்ட சொல்லிருவேன்” என்றார்.

படிப்பை நிறுத்திய ஒரு பிள்ளையைத் திரும்ப அழைக்க, லீவு நாளில் மலையேறி வந்திருக்கிறார் என்று அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. என்னைத் தேடி அப்படி யாரும் வந்ததில்லை. மலைத்துப்போய் அவரையே பார்த்தேன்.

“அடிவாரம் வந்தாச்சு, முந்தல் வரப்போகுது, இனி டவர் கிடைக்கும்” என்றார் டிரைவர். போனை எடுத்து, குரூப்புக்குப் போகாமல் நின்றதை அழித்தேன்.

இப்போது யாரைப் பற்றி எழுதினாலும், அந்த ஆளே என் எதிர் சீட்டில் இருப்பதாக நினைத்து ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் அழித்துவிடுகிறேன்.