வட்டத்துக்குள் அடங்கிய நாற்பது வீடுகள்

எங்கள் தெருவில் நாற்பது வீடுகள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அந்த நாற்பதையும் ஒரு வட்டத்துக்குள் அடைக்கப் பார்த்தேன். அடைத்தும்விட்டேன், அதுதான் வினையாகப் போயிற்று.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறிகள் ஓடும் தெரு எங்களுடையது. காலையில் தறி ஓடத் தொடங்கினால், எந்த பாஷையாக இருந்தாலும் கத்தித்தான் பேசவேண்டும். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். நான் படித்த பள்ளியிலேயே தமிழ் வழிப் பிரிவுக்கு டீச்சர். நிரந்தர வேலை இல்லை. வருடா வருடம் புதுப்பித்துத் தருவார்கள். நான் படித்ததோ தெலுங்கு வழியில். தமிழ் டீச்சரின் அக்கா மகளுக்கு இது அழகா என்று சித்தி ஒரே ஒருமுறை கேட்டாள். நாளைக்குத் திருப்பதியில் வேலைக்குப் போகவேண்டிய பெண் என்று என் அப்பா, நைனா, சொன்னார். சித்தி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருடம் அவள் வேலைக்கே ஆபத்து வந்தது. தமிழ் பேசும் வீடுகள் குறைந்துவிட்டன, அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ்ப் பிரிவு தேவையா என்று மேலே யோசிக்கிறார்களாம். பிரிவு போனால் சித்தியின் வேலையும் போகும். அவள் சும்மா இருப்பாளா? பள்ளி விட்டதும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி, "எங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறோம், தமிழ்ப் பிரிவு வேண்டும்" என்று கையெழுத்து வாங்கினாள்.

அதே வாரம் நானும் ஒரு நோட்டோடு அதே வீடுகளில் ஏறி இறங்கினேன். கணக்கு சார் பை சார்ட் நடத்தியிருந்தார். தெருவில் எதையாவது எண்ணிக்கொண்டு வந்து வட்டத்தில் போடச் சொன்னார். முழுசாக ஒன்று இருக்கவேண்டும், அதைப் பங்கு போடவேண்டும், பங்குகளைக் கூட்டினால் பழைய முழுசு வரவேண்டும் என்றார். ஒரு வீடு ஒரு பங்கில்தான் வரலாம் என்றும் சொல்லியிருப்பார். நான் அப்போது எந்த ஸ்கெட்ச் பேனா வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சுக்காரி வண்டிகளை எண்ணப்போகிறாள் என்று தெரிந்ததும், அவளைவிட உசத்தியாக இருக்கட்டும் என்று நான் பாஷையை எடுத்தேன்.

"வூட்ல இன்னா பாஷை பேசறீங்க?" என்று கேட்டால் பாதி வீடுகளில் நேரான பதில் இல்லை. "பேசறது தமிழு, சண்டை போடறது தெலுங்கு" என்றாள் எதிர்வீட்டு அக்கா. "எனுக்கு தமிழு, எங்க மாமியாருக்கு தெலுங்கு, புள்ளைங்களுக்கு ரெண்டும்" என்றாள் இன்னொருத்தி. தறிக்காரர் ஒருவர், "நீ இன்னா பாஷைல கேட்டியோ அதான்" என்று சொல்லிவிட்டுத் தறிப்பக்கம் போய்விட்டார். நான் என்ன செய்வேன்? இரண்டும் பேசுகிற வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு கோடு போட்டேன்.

கடைசியில் கூட்டிப் பார்த்தால் தமிழ் முப்பத்தொன்று, தெலுங்கு இருபத்தேழு. மொத்தம் ஐம்பத்தெட்டு! இருப்பதே நாற்பது வீடு. வீட்டுக்கு ஒன்பது டிகிரி என்று போட்டால் வட்டம் ஒன்றரைச் சுற்று சுற்றும்போல இருந்தது. விடிந்தால் நோட்டைக் கொடுக்கவேண்டும், அழுகை வந்தது. பிறகு, தெலுங்கு வழிப் பிள்ளைதானே என்று முதலில் தெலுங்குக்கு இருபத்தேழு வீட்டையும் அளந்து கோடு போட்டேன். மீதி இருந்த இடம் பதிமூன்று வீட்டுக்கு. அதைத் தமிழ் என்று எழுதினேன். இருபத்தேழும் பதிமூன்றும் நாற்பது. கணக்கு சுத்தமாக வந்துவிட்டது. தமிழை முதலில் அளந்திருந்தால் தெலுங்குக்கு மிஞ்சியிருப்பது ஒன்பதே வீடு. அது எனக்குத் தோன்றவே இல்லை.

சார் கூட்டிப் பார்த்தார், பத்துக்குப் பத்து போட்டார். பெரிய அட்டையில் வரையச் சொல்லி, தலைமையாசிரியர் அறையில் மாட்டவும் செய்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எதிர்வூட்ல ரெண்டும் பேசறாங்களே, அவங்கள எதுல சேத்த?"

"தெலுங்குல. ரெண்டுலயும் போட்டா வட்டத்துல எடம் பத்தல சித்தி."

"அந்த மாதிரி எத்தினி வூடு?"

"பதினெட்டு."

சாரிடம் சொல்லிவிடுவாள், மார்க்கு முன் பெஞ்சுக்காரிக்குப் போய்விடும் என்று நான் தேம்ப ஆரம்பித்தேன். அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்து, "சீ, அழுவாத. யாராண்டயும் சொல்லல, போய்த் துன்னு" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, தமிழ்ப் பிரிவு தேவையா என்று பார்க்கக் கல்வி அதிகாரி வந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு, வரைந்த பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். எல்லா வீட்டிலும் கேட்டாயா என்று தெலுங்கில் கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்டேன் சார் என்றேன். பொய் இல்லை. அவர் மேசையில் சித்தியின் நோட்டு விரித்தபடி இருந்தது. அதில் எங்கள் தெருவிலிருந்து, வீட்டுக்கு ஒன்றாக, இருபத்தாறு கையெழுத்து.

"பதிமூணு வூட்லதானே தமிழு பேசறாங்க. மீதி கையெழுத்து யாரு போட்டதும்மா?" என்று அவர் சித்தியைக் கேட்டார்.

சித்தி அட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கணக்கு சாரும் தலைமையாசிரியரும் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவள் வாயே திறக்கவில்லை. நோட்டை மூடி எடுத்துக்கொண்டாள்.

ஜூனில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ்ப் பிரிவு திறக்கவில்லை. என் வட்டம்தான் காரணம் என்று சொல்லமுடியாது. அதிகாரியிடம் வேறு காகிதங்களும் இருந்தன. காரணம் இல்லை என்றும் என்னால் சொல்லமுடியவில்லை. சித்தி திருச்சானூரில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போனாள். இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவளைத்தான் முதலில் எடுத்தார்களாம்.

இப்போது நான் திருப்பதியில் ஓர் ஆபீசில் இதே மாதிரி படங்கள் போட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒரு வீடு இரண்டு பக்கமும் நிற்குமானால் வட்டம் போடக்கூடாது, பக்கத்தில் பக்கத்தில் தனித்தனிப் பட்டையாக நிறுத்தவேண்டும் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்கிறேன். சித்தியிடம்தான் இன்றுவரை சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாக இருக்கிறது.

அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பெரிய ஆபீசரே என் படத்தைப் பாத்தாரு நைனா. சித்திக்கு சந்தோஷத்துல பேச்சே வரல" என்றேன்.

நைனா சித்தியைப் பார்த்தார்.

"ஆமா மாமா" என்றாள் சித்தி, எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே.