சுவருக்கு உள்ளே கட்டிய வண்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அச்சகத்தில் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் என்னால் முடிக்க முடியவில்லை. அண்ணனைப் பற்றி உங்களில் பலர் ஒரு விஷயத்தைத் தவறாக அறிந்துவைத்திருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டியவள் நான். பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

அண்ணன் புதுவை நகரில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள எங்கள் வீட்டில் பிறந்தார். அதே வீட்டில்தான் இறந்தார். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களைத் தவிர, வேறு கூரையின் கீழ் அவர் படுத்ததாக எனக்கு நினைவில்லை. அப்பா ஐஸ் வியாபாரம் செய்தார். ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கிய சிறிய பிக்கப் வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. ஐஸ் பாறைகளைச் சாக்கில் சுற்றி, மரத்தூள் தூவி, அதில் ஏற்றி வீராம்பட்டினத்து மீனவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வண்டியைக் ‘கமியோனெத்’ என்று பிரெஞ்சில்தான் சொல்வார். அம்மாவுக்கும் அதுவே பழகிவிட்டது.

அண்ணனுக்குப் பத்தொன்பது வயதாகும்போது அப்பா இறந்தார். ஐஸ் தண்ணீரிலும் உப்புக் காற்றிலும் வண்டியின் தளம் ஓட்டையாகியிருந்தது. அண்ணன் அதை ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொல்லையில் நிறுத்தினார். தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராகச் சேர்ந்தார். அவர் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அவர்தான் மாப்பிள்ளை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் என்னைக் கொடுத்தார். நான் பாரீசுக்கு விமானம் ஏறிய நாளில், “நீ போய்ட்டு வா பாப்பா, அம்மாவ நான் பாத்துக்குறேன்” என்றார். ஊருக்குப் போகிற தங்கையிடம் எல்லா அண்ணன்களும் சொல்கிற பேச்சுதான். இவர் விஷயத்தில் அதுவே ஆயுள் முழுவதுக்கும் ஆகிவிட்டது.

நான் போன நான்காம் வருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் விறைத்து, முழங்கால் மடங்காமல் போயிற்று. அப்போது அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார் ஒரு வருடம் பொறுத்தார்கள். அண்ணன் என்னிடம் தொலைபேசியில் கேட்டார்.

“ஒரு ஆறு மாசம் நீ வந்து அம்மாகூட இருக்க முடியுமா பாப்பா? கல்யாணத்த முடிச்சிட்டு ஒரு ஏற்பாடு பண்ணிக்குறேன்.”

“பசங்களுக்கு ஸ்கூல் இருக்குண்ணா. லீவுல பாக்கலாம்” என்றேன்.

லீவு வந்தது. நான் இருபது நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் அதைப் பற்றிப் பேசியதில்லை.

காலை ஷிப்டு மட்டும் வேலைக்குப் போவார். அந்த நேரத்தில் எதிர்வீட்டு மேரி அக்கா அம்மாவைப் பார்த்துக்கொள்வார். இரண்டு மணிக்கு அண்ணன் வீடு திரும்பினால் மறுநாள் காலைவரை வெளியே போக மாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சினிமா, கல்யாண வீடு, கடற்கரை எல்லாம் நின்றுபோயின. அம்மாவும் அப்படித்தான். கால் மடங்காததால் ஆட்டோவில் உட்கார முடியாது. ஆம்புலன்சில் படுத்தபடி கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் அவர் பார்க்கும் வெளியுலகம். அதிலும் அவருக்குத் தெரிவது வண்டியின் கூரை மட்டும்.

ஒருநாள் அம்மா, “கொல்லையில அந்தக் கமியோனெத் கெடக்குதேடா. அதுல பின்னாடி என்ன ஏத்தி, கடல் பக்கம் ஒரு சுத்து கூட்டிட்டுப் போவக்கூடாதா?” என்று கேட்டாராம். அம்மா விளையாட்டாகத்தான் கேட்டார் என்று மேரி அக்கா சொல்வார். மறுநாள் மாலையே அண்ணன் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இது இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. வண்டி இருபது வருடங்களுக்கு மேல் மண்ணில் நின்றிருந்தது. சக்கரங்கள் பாதி புதைந்திருந்தன. ஒரு போல்ட்டும் திரும்பவில்லை. கேஸ் வைத்து அறுத்தார்கள். கேபினைத் தூக்கி, எஞ்சினை இறக்கி, கடைசியில் சேசிஸ் மட்டும் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களாகத் தரையில் கிடந்தது. சுத்தியலால் தட்டினால் சில இடங்களில் இரும்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அண்ணனோடு வேலை பார்த்த தனபால் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, “இத எடைக்குப் போட்டுட்டு வேற பழைய வண்டி வாங்கலாண்ணா” என்றாராம். “வேற வண்டி அம்மா கேக்கலயே” என்றாராம் அண்ணன்.

வீட்டுக்குப் பக்கத்தில் கொல்லையிலிருந்து தெருவரை ஒரு பாதை உண்டு. அதன் வழியாகச் சேசிஸை மாட்டு வண்டியில் தட்டாஞ்சாவடிக்குக் கொண்டுபோனார்கள். துரு நீக்கி, உளுத்த இடங்களை வெட்டி, புதுச் சட்டம் வைத்துப் பற்றவைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அம்மாவுக்கு அதிர்ச்சி தெரியாமல் இருக்கப் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் குறைத்தார் அண்ணன். பின்கதவு தரைவரை சாய்ந்து சாய்தளமாகும்படி புதிதாகச் செய்தார். சக்கர நாற்காலி நகராமல் நிற்கத் தளத்தில் கொக்கிகள் வைத்தார். பழைய எஞ்சின் தேறாததால், உடைக்கப் போட்ட ஜீப் ஒன்றின் டீசல் எஞ்சினை வாங்கி வைத்தார். எல்லாம் மாலை வேளைகளில், அம்மாவைப் புரட்டுகிற இடைவெளிகளில், வருடக்கணக்கில் நடந்த வேலை.

இனி எழுதப்போவதைத்தான் நான் ஐந்து வருடங்களாக எழுதாமல் இருந்தேன்.

அப்பாவின் சொத்தைப் பிரித்தபோது வீடும் கொல்லையும் அண்ணன் பேருக்கும், பக்கத்து மனையும் அதோடு சேர்ந்த அந்தப் பாதையும் என் பேருக்கும் எழுதப்பட்டன. பாரீசில் நாங்கள் வீடு வாங்க நினைத்தபோது என் மனையை விற்க முடிவு செய்தோம். அண்ணனிடம் சொன்னேன்.

“உன் பங்கு அது, வித்துக்கோ. அந்தப் பாதைய மட்டும் விட்டுடச் சொல்லு பாப்பா. வண்டி வெளிய வரணும்ல” என்றார்.

“சரிண்ணா” என்றேன்.

வாங்க வந்தவர் பாதையும் சேர்ந்தால்தான் வாங்குவேன் என்றார். என் கணவர் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. கொல்லையில் வண்டி நிற்பது எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணனிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சளி முற்றி, பத்து நாள் கோரிமேட்டில் வைத்திருந்தார்கள். அண்ணன் கூடவே இருந்தார். அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்து படுக்கவைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால், பாதை இருந்த இடத்தில் சுவர். சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்ததாம். அண்ணன் மனையை வாங்கியவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் பத்திரத்தைக் காட்டினார். அதில் என் கையெழுத்து இருந்தது.

அண்ணன் எனக்குப் போன் செய்யவில்லை. அடுத்த மாதம் நான் பேசியபோது, “அம்மாவுக்குச் சளி கொறஞ்சிடிச்சி” என்று மட்டும் சொன்னார்.

சித்தப்பா வீட்டுக்கு வந்தபோது சுவரைப் பார்த்துவிட்டு, “ஏன்டா, வழிய வித்துட்டியா?” என்று கேட்டிருக்கிறார்.

“ஆமா சித்தப்பா” என்றாராம் அண்ணன்.

மேரி அக்கா அப்போது அங்கே இருந்தார். சித்தப்பா போன பிறகு, “ஏன் தம்பி இப்படிச் சொன்ன?” என்று கேட்டாராம். “அவ எப்பவாவதுதான்க்கா வரா. வர்றப்ப எல்லார் மூஞ்சியும் பாக்கணும்ல” என்றாராம். அப்படித்தான், நம் சொந்தக்காரர்கள் நடுவில், பாதையை விற்றவர் அண்ணன் ஆனார்.

சுவர் வந்த பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை. வெளியே போக வழியில்லாத இடத்தில் வண்டியைத் தொடர்ந்து கட்டினார். கேபினின் தகரத்தைத் தட்டி நேராக்கினார், கண்ணாடி பொருத்தினார், கரும்பச்சை வண்ணம் அடித்தார். தனபால் மேஸ்திரி பொறுக்க முடியாமல் கேட்டாராம்: “எதுக்குண்ணா இவ்ளோ பாடு? எங்க ஓட்டப்போறீங்க?”

“வேலைய நிறுத்திட்டா சாயந்திரம் நான் என்ன பண்றது தனபாலு?”

வண்டி முடிந்தது. அம்மாவைச் சாய்தளம் வழியே ஏற்றி, கொக்கி மாட்டி, எஞ்சினைக் கிளப்பினார். சுவர்வரை எட்டடி முன்னால், வீட்டுச் சுவர்வரை எட்டடி பின்னால். மாலைதோறும் இப்படி ஓட்டினார். அந்த வருட விடுமுறைக்கு வந்தபோது நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அம்மா பின்தளத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டி முன்னால் போய் நின்றது, பின்னால் வந்து நின்றது. அம்மா என்னைப் பார்த்து, “எந்தப் பாவி கட்டுனான்னு தெரியலடி இந்தச் சொவத்த” என்றார். அண்ணன் கியரை மாற்றினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் நான் மனையை வாங்கியவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். சுவரை ஒட்டி அவர் சமையலறை கட்டத் தொடங்கியிருந்தார். முடியாது என்றார். அண்ணனிடம் வந்து சொன்னேன். “தெரியும் பாப்பா. நானும் ரெண்டு தரம் கேட்டுட்டேன்” என்றார். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, “பிரிச்சிட வேண்டியதுதான்” என்றார்.

மூன்று வருடம் கட்டியதை அண்ணன் மீண்டும் பிரித்தார். எங்கள் வீட்டின் வாசற்கதவும் கொல்லைக் கதவும் ஒரே நேரில் இருப்பவை. சக்கரம், எஞ்சின், அச்சு என்று ஒவ்வொன்றாகச் சமையலறை, கூடம், நடை வழியாகத் தெருவுக்குப் போயின. கேபின் மட்டும் எந்தக் கதவிலும் நுழையாது. அதை நடுவில் இரண்டாக அறுக்க வேண்டும். அண்ணன் தன் கையாலேயே சாக்கட்டியால் கோடு போட்டார். அறுக்கும் மெஷினைத் தனபாலிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைப் புரட்டும் நேரமாயிற்று என்று உள்ளே போய்விட்டார்.

சேசிஸை எட்டுப் பேர் தூக்கிவந்தார்கள். கூடத்தில் அம்மாவின் கட்டிலைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தோம். கட்டிலை உரசியபடி அது போகும்போது அம்மா இடது கையை நீட்டித் தொட்டார். “என்னாடா, தேரு போவுதா?” என்று கேட்டார். தூக்கியவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணனும் சிரித்தார். அந்த விடுமுறையில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தட்டாஞ்சாவடியில், தனபால் மேஸ்திரியின் பட்டறையில் வண்டி மறுபடி உருவாக இன்னும் ஒரு வருடம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு வீராம்பட்டினம் போனார் அண்ணன். அன்று மாலை எனக்குப் போன் வந்தது: “கடலப் பாத்துட்டு வந்துட்டோம் பாப்பா. அம்மா ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க.”

நடந்தது வேறு என்று கூடப் போயிருந்த மேரி அக்கா பின்னால் சொன்னார். ஏழு வருடம் கூடத்துக்குள்ளும் கொல்லைக்குள்ளும் இருந்த அம்மாவுக்குத் திறந்தவெளி பயமாக இருந்திருக்கிறது. பக்கக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கடல் தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். “வாணாம்டா, இம்மாம் வெளிச்சம் வாணாம். ஊட்டுக்குப் போவலாம்” என்றாராம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் வண்டியைத் திருப்பினார். அடுத்த ஞாயிறும் கூட்டிப்போனார், அதற்கடுத்த ஞாயிறும். கண்ணைத் திறந்து கடலைப் பார்க்க அம்மாவுக்கு ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஐப்பசியில் அம்மா போய்விட்டார்.

அம்மாவின் காரியத்துக்கு நான் வந்தேன். பந்தலில் எல்லோரும் இருக்கும்போது சித்தப்பா அண்ணனைப் பார்த்து, “பெத்தவ வெளிய போற வழிய வித்துத் தின்னவன்தானே நீ” என்றார். அண்ணன் தலைகுனிந்து நின்றார். நான் அவருக்கு அருகில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். ஒரு சொல் சொன்னால் போதும். என் கணவரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை.

இனி அண்ணனுக்கு விடுதலை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் விசாவும் டிக்கெட்டும் ஏற்பாடு செய்தேன். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வரவில்லை என்று சொல்லிவிட்டார். “ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா முழிப்பு வந்துடுது பாப்பா. அடுத்தவங்க வீட்டுல எழுந்து நடந்துகிட்டு இருந்தா நல்லாருக்காது” என்றார். கோரிமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க முடியாமல் நிற்கும் நோயாளிகளையும், கால் மடங்காமல் வீட்டில் கிடப்பவர்களையும் அந்த வண்டியில் ஏற்றி இறக்கத் தொடங்கினார். யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. வேலை, வண்டி, வீடு என்று ஒரே தடத்தில் இருந்தார். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மேரி அக்காதான் முதலில் பார்த்தார்.

அதற்கு முந்தைய வருடம், துணிவை வரவழைத்துக்கொண்டு போனில் பேச்சை எடுத்தேன். “அண்ணா, அந்தப் பாத விஷயம்…”

“இங்க மழ கொட்டுது பாப்பா, ஒண்ணும் கேக்கல. அப்பறம் பேசு” என்று வைத்துவிட்டார்.

அது சித்திரை மாதம். அவர் என்னை மன்னித்துத்தான் வைத்தாரா, கேட்கவே பிடிக்காமல் வைத்தாரா என்று தெரியாது. இனி கேட்கவும் முடியாது.

ஏழு வருடம் அம்மாவுக்கு மகளாகவும் அண்ணனுக்குத் துணையாகவும் இருந்த மேரி அக்காவுக்கும், ஒரே வண்டியை இரண்டு முறை கட்ட உதவிய தனபால் மேஸ்திரிக்கும், சேசிஸைத் தோளில் சுமந்த எட்டுப் பேருக்கும், இறுதி நாளில் கூட இருந்து எல்லாம் செய்த தெருவாசிகளுக்கும், அண்ணன் ஏற்றி இறக்கியதை மறக்காமல் கோரிமேட்டிலிருந்து வந்து நின்ற முகம் தெரியாத குடும்பங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வண்டி இப்போது தனபால் மேஸ்திரியிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் அவரிடம் சொல்லலாம்.

சித்தப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் இதைப் படிக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து யாரும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நாளைக் காலை நானே அவர் வீட்டுக்குப் போகிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து என் வாயாலேயே படிக்கிறேன்.