படியில் ஊற்றிய தண்ணீர்

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் உடம்பு வேலையில் என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. இதைச் செய்ததும் அந்தக் கர்வம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நியூ ஜெர்சியில் என் மகன் வீட்டுக்கு மருமகளின் அம்மா வந்து ஆறு மாதம் தங்கியிருந்தார். டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். என்னைவிட நாலு வயது மூப்பு. குளிர் வந்தால் நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். அவர் அப்படி இல்லை. புடவைக்கு உள்ளே பேன்ட், மேலே என் மகனுடைய பழைய ஜாக்கெட், காதை மூடிக் குல்லா. பத்து மணிக்கு வெயில் தலைகாட்டியதும் நடக்கக் கிளம்பிவிடுவார். தெருக்கோடித் தபால் பெட்டி வரை போய் வந்தால் ஒரு சுற்று. அப்படி எட்டு சுற்று. கையில் கட்டின வாட்ச் எண்ணிச் சொல்லும். பரீட்சை மார்க் மாதிரி அதை மகளிடம் கொண்டுபோய்க் காட்டுவார்.

ஒரு நாள் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொன்னார்: “உக்காந்தே இருந்தீங்கன்னா முட்டி துருப்பிடிச்சிரும் சம்பந்தி. நாளைக்கு என்கூட வாங்க. ரெண்டு சுத்து போதும்.”

“நடக்கிறதெல்லாம் ஒரு வேலையா? சும்மா போயிட்டு சும்மா வர்றது.”

“அந்தச் சும்மாவைத்தான் செய்யுங்களேன், பாப்போம்.”

மருமகள் சிரித்துவிட்டாள். மகனும் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். நான் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் கணுக்கால் மூடுகிற அளவுக்கு ஸ்னோ. மகன் கார் போகிற வழியில் மட்டும் அதைத் தள்ளிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினான். “முன்படி அப்படியே இருக்கட்டும்மா. உப்பு தீந்துபோச்சு, சாயங்காலம் வாங்கிட்டு வந்து பாத்துக்கிறேன்,” என்றான். மிச்ச ஈரம் உறையாமல் இருக்கத்தான் உப்பு போடுகிறார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மருமகள் மாடியில் மீட்டிங்கில் இருந்தாள். சம்பந்தி குளிக்கப் போயிருந்தார். கராஜில் இருந்து ஸ்னோ அள்ளுகிற ஷவலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்னோ கண்ணுக்குப் பஞ்சு மாதிரிதான் தெரியும், அள்ளினால் ஈர மாவு கனம். ஐந்து படியையும் வழித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்னோ தள்ளுகிற மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு இன்னும் கொஞ்சம் ஏறிப்போயிற்று.

வழித்த பிறகும் படியில் வெள்ளையாக, சொரசொரவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று தை வெள்ளிக்கிழமை. சுத்தம் பண்ணின வாசலுக்குத் தண்ணீர் தெளிக்காமல் நான் உள்ளே போனதே இல்லை. ஒரு வாளி சுடுதண்ணீர் பிடித்துவந்து மேல்படியில் இருந்து தெளித்தேன், மிச்சத்தை அப்படியே ஊற்றினேன். எல்லாம் கரைந்து ஓடியது. சிமெண்டு கறுகறுவென்று பளபளத்தது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காப்பி போட்டேன். சம்பந்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரே பார்த்து அசரட்டும் என்று இருந்தேன்.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தார். “அடேங்கப்பா! நீங்களா சம்பந்தி இப்படித் தொடச்சு வெச்சது?” என்று திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். டம்ளரோடு சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் அடுத்த அடி எடுத்து வைத்ததும் சத்தம் கேட்டது.

இடுப்பு எலும்பு. ஆம்புலன்ஸ் வந்தது, ஆபரேஷன் நடந்தது. உருகின ஸ்னோ உறைந்து ஐஸ் ஆகிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் ஷவல் எடுத்தது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஊற்றியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“உப்பு இல்லன்னு தெரிஞ்சும் எப்படி விட்டுட்டுப் போனே?” என்று மருமகள் அழுதாள். “என் தப்புதான்,” என்று மகன் தலைகுனிந்து நின்றான். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தி வீல்சேரில் மதுரைக்குப் போனார். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் இருந்து சமையலறை வரைதான் நடை. வாரம் ஒரு தடவை என்னை வீடியோவில் கூப்பிடுவார். “நடந்தீங்களா? என் பங்கையும் சேத்து நடங்க.” நானும் நடந்தேன். அதே தபால் பெட்டி, அதே எட்டு சுற்று.

மகன் கராஜில் மூன்று மூட்டை உப்பு அடுக்கி வைத்திருக்கிறான். ஸ்னோ விழுந்தால் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, இரண்டு தடவை, மூன்று தடவை தூவுவான். இந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை, கையுறைகூடப் போடாமல் தூவிக்கொண்டிருந்தான். விரலெல்லாம் சிவந்திருந்தது.

“போதும்டா.”

“ஒரு தடவை பட்டது போதும்மா.”

அப்போதுதான் சொன்னேன். வாளி, சுடுதண்ணீர், எல்லாம். உப்புக் குவளையோடு என் பக்கம் திரும்பினான். “அவங்ககிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

குவளையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் நானே சம்பந்தியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா?”

“சுடுதண்ணி. ஆவி பறந்துச்சு.”

“சுடுதண்ணியும் ஆறும், ஆறினா உறையும். அஞ்சாங்கிளாஸுக்கு நடத்தியிருக்கேன் நான்.”

சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ரெண்டு வருஷமா மாப்பிள்ளைய மனசுக்குள்ள திட்டிட்டிருந்தேன் சம்பந்தி. விழுந்ததைக்கூட விட்டுருவேன். அந்தப் பிள்ளையத் திட்டினத நான் எங்க போய்க் கழுவ?”

போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. மகனிடம் பேசுகிறாராம், ரொம்ப நேரம் பேசுகிறாராம். என்னைப் பற்றி அவரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

உப்பு இப்போது நான்தான் போடுகிறேன். போட்டுவிட்டு நடக்கப் போகிறேன். எட்டு சுற்று முடித்து வந்து ஷூவைக் கழற்றுகிறேன். நடந்தீர்களா என்று கேட்க ஆள் இல்லை.