கால் தாளம் போட்ட ஒப்பாரி

குஞ்சம்மா அக்காவின் இசைக்குழுவில் நான் டிரம் அடிக்கச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது நெருங்கியிருந்தது. அதற்கு முந்திய கதையெல்லாம் கச்சேரிக்குப் போகும் வேனில் அவரே சொல்லக் கேட்டதுதான்.

மலாக்காவில் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார் அக்கா. மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலம். காட்டில் ஒளிந்திருந்த அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று தொழிலாளிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அக்காவின் கணவர் அப்புசாமி பசி தாங்காத மனிதர். ஒருநாள் இடுப்பில் சோற்றுப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டார். தனக்குத்தான் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அக்கா பாட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

“வேலிக்கு அந்தாண்ட போன மச்சான், வெளக்கு வச்சும் வரலியே,
வேலிக்கு அந்தாண்ட போன மச்சான், வெளக்கு வச்சும் வரலியே,
காவலுக்கு நிக்கிற துப்பாக்கிக்குக் கண்ணிருந்தும் தெரியலியே.”

பால் ஏற்ற வரும் லாரியின் டிரைவர் செபஸ்தியான், மலாக்கா போர்த்துகீசியக் குடியிருப்புக்காரர். டவுன் கல்யாணங்களில் கித்தார் வாசிப்பவர். பால் நிறுக்கும் கொட்டகையில் அக்கா முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

“அக்கா, இது புளூஸ் லா! அமெரிக்கா கறுப்பு ஆளுங்க இப்படித்தான் பாடுது. ஒரே வரி ரெண்டு தடவ, அப்புறம் பதிலு.”

அடுத்த நடையில் கிராமபோனையும் ஓர் இசைத்தட்டையும் லாரியில் தூக்கி வந்தார். அக்கா கொட்டகை ஓரம் குந்தியிருந்து முழுசாகக் கேட்டார்.

“இது நம்ம ஒப்பாரிதானப்பா. என்னா, காலுதான் சும்மா இருக்க மாட்டேங்குது.”

இருவரும் சேர்ந்து டவுனில் ஒரு தீபாவளி நிகழ்ச்சியில் பாடினார்கள். பாட்டு தோட்டத்துக்குத் தோட்டம் பரவிவிட்டது. போலீஸ் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. தமிழ் இன்ஸ்பெக்டர் ஒருவர் பொறுமையாகவே பேசினாராம்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கும்மா. அந்தத் துப்பாக்கி வரி மட்டும் வேணாம்.”

“சரிங்கையா, பாடல.”

அக்கா சொன்னதைக் காப்பாற்றினார். அடுத்த கச்சேரியில் அந்த வரி வந்ததும் வாயை மூடி ராகத்தை மட்டும் இழுத்தார். கூட்டம் முழுவதும் சொற்களைச் சேர்த்துப் பாடியது.

இரண்டு வருஷத்துக்கு மேலாகி அப்புசாமி திரும்பினார். இளைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும், “முகாமுல புதுசா வந்த பசங்க ஒரு பாட்டுப் பாடுவானுங்க, குஞ்சு. எவளோ புருசனக் காணாம அழுவுறா. கேட்டா எனக்குச் சோறு எறங்காது” என்று பாடிக் காட்டினாராம்.

“அந்த எவளோ நாந்தாங்க” என்றார் அக்கா.

அதற்கப்புறம் முப்பது வருஷம். வானொலியில் பாடினார், சுங்கை ஊடாங் ஊர்க் கல்யாணங்களில், கடற்கரை ஹோட்டல்களில் பாடினார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது அதற்கொரு பாட்டு, பெண்பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறியபோது அதற்கொன்று. அப்புசாமி ஸ்பீக்கர் தூக்கி வருவார், மேடை ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். கடைசி வரிசையில் செபஸ்தியான் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுவார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்த முகங்கள் இன்னும் எனக்குத் தெரிகின்றன.

பிறகு அக்காவுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். குரல் போய்விட்டது. பாட்டுக் கட்டுவதை மட்டும் அக்கா விடவில்லை. போன தைப்பூசத்துக்குப் பார்க்கப் போயிருந்தேன். காற்று மாதிரி வந்த குரலில் புதுவரி ஒன்றைச் சொல்லி, மேசையைத் தட்டி, என்னைப் பாடச் சொன்னார். பாடினேன். கண்ணை மூடிக் கேட்டவர் பாதியில் என் கையைப் பிடித்தார்.

“வேணாந் தம்பி. நீ டிரம்மே அடி.”

இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.