எல்லாக் கேள்விக்கும் இல்லை

அபுதாபியில் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுப்பதுதான் அப்போது என் வேலை. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. படம் எடுப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு; அதைக் குறைத்துக்கொள்ளும் எண்ணம் இன்றும் இல்லை.

முசஃபா தொழிற்பேட்டையிலிருந்து ஒரு வெல்டரைக் கொண்டுவந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. வலது கை திடீரென்று செயலிழந்துவிட்டது. பக்கவாதம்தானே, ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று கம்பெனி டிக்கெட்டே போட்டுவிட்டது.

படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். கண்ணில் இரும்புத்தூள் விழுந்திருக்கிறதா?

"இல்ல சார்."

காய்ச்சல், தலைவலி?

"எதுவுமே இல்ல சார்."

விசா மெடிக்கலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் இது. என்ன கேட்டாலும் இல்லை என்றால்தான் முத்திரை விழும் என்று நம்புவார்கள். வெல்டர் கண்ணில் தூள் விழாதாம், கதை! எம்.ஆர்.ஐ. எந்திரமே பெரிய காந்தம்; கண்ணில் ஒரு இரும்புத் துணுக்கு இருந்தாலும் பார்வை போய்விடும். எக்ஸ்ரே எடுத்து, கண் சுத்தம் என்று பார்த்த பிறகே உள்ளே படுக்க வைத்தேன்.

படம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூளையின் இரண்டு பக்கமும் அங்கங்கே சிறு சிறு சேதம். ரத்தக்குழாய்கள் ஓரிடத்தில் சுருங்கி, அடுத்த இடத்தில் விரிந்து தெரிந்தன. எங்கள் நரம்பியல் டாக்டர் ஓர் எகிப்தியர்; அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"குழாய்களில் அழற்சியாக இருக்கலாம். அப்படியானால் மருந்து இருக்கிறது. ஆனால் படம் மட்டும் போதாது" என்றார் அவர். "பல வாரமாகத் தலைவலி இருந்திருக்க வேண்டுமே, கேள்."

கேட்டேன். மறுபடியும் "இல்ல சார்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "யோவ், இது விசா மெடிக்கல் இல்லய்யா! பொய் சொன்னா கை இப்படியேதான் கிடக்கும். எத்தன நாளா வலி?"

அவர் அழுதுவிட்டார். "மூணு மாசமா சார். மாத்திரையப் போட்டுக்கிட்டு டூட்டிக்குப் போனேன். வலின்னு சொன்னா ஊருக்கு ஏத்திவிட்ருவாங்கன்னு பயம்."

கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கேட்டதற்கு வெட்கப்படவில்லை. டாக்டர் முதுகுத்தண்டில் நீர் எடுத்துச் சோதித்தார். அதிலும் அழற்சியின் அடையாளம் இருந்தது. மறுநாளே ஸ்டீராய்டு ஏற்றத் தொடங்கினார்கள்.

அன்று மாலை நான் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, டிக்கெட்டோடு கம்பெனி சூப்பர்வைசர் வார்டுக்கு வந்தார். "கலாஸ்? முடிஞ்சுதா? இவரைக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், வெல்டரே பதில் சொன்னார்.

"எனக்குத் தலை வலிக்குது பாய். மூணு மாசமா வலிக்குது. நான் போகல."