சம்பந்தி வாளிக்குள் ஊற்றிய பியர்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணைப் பெற்றவனுக்கு டென்மார்க்கில் ஒரு சோதனை உண்டென்று நம்பினேன். மாப்பிள்ளையின் தகப்பன் தன் கூட்டாளிகளை வரிசையாக உட்காரவைத்து, பெண்ணின் தகப்பன் காய்ச்சிய பியரைக் குடித்துப் பார்ப்பார். பிடித்தால் சம்பந்தம், பிடிக்காவிட்டால் வந்த ரயிலிலேயே வீடு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கோப்பன்ஹேகனில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக உருளைக்கிழங்கு அவித்து, டேனிஷ்காரரோடு சண்டை பிடித்து, வரி கட்டி வாழ்கிறவன் நான். அப்படியிருந்தும் நம்பினேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் லீவில் போவது மூளைதான்.

எங்கள் மகள் ஆரணி ஓர்ஹூஸுக்குப் படிக்கப் போய், இக்காஸ்ட் ஊர்ப் பெடியன் மாஸைக் கண்டுபிடித்தாள். போன பிறந்தநாளுக்கு மாஸ் எனக்கு ஒரு பெட்டி தந்தான். வாளி, குழாய், மோல்ட், ஹொப்ஸ், ஈஸ்ட். வீட்டில் பியர் காய்ச்சுவதற்கான சாமான்கள். மூன்றாவது தடவை காய்ச்சியதும் மாஸின் தகப்பன் பிரேபனிடமிருந்து செய்தி வந்தது. 'சனிக்கிழமை பியர் காய்ச்சுகிற ஆட்கள் என் வீட்டில் கூடுகிறோம். உன்னுடையதையும் கொண்டு வா. எல்லாரும் குடித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வோம்.'

என் மனைவி வதனி அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"இது பொம்பிளை பாக்கிறதுதான். பொம்பிளைக்குப் பதிலா உங்கட போத்தலைப் பாக்கப் போகினம், அவ்வளவுதான்."

அவள் பகிடிக்குச் சொன்னாள். ஊரையெல்லாம் பகிடி பண்ணுகிறவனுக்குத் தன் வீட்டுப் பகிடி விளங்குவதில்லை. அன்றிரவே அலுமாரியைத் திறந்து கலியாணச் சூட்டை வெளியே எடுத்தேன்.

காலை 7.40. ஹ்விடோவ்ரே ஸ்டேஷன். ஒரு கையில் துவாயில் சுற்றிய ஆறு போத்தல்கள் கொண்ட பை. மறு கையில் வதனி பொரித்த பருத்தித்துறை வடை, ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா நிறைய. கோப்பன்ஹேகன் பிரதான நிலையத்தில் யூலாந்துக்குப் போகும் இன்டர்சிட்டிக்கு மாறினேன். முன்கூட்டியே எடுத்த டிக்கெட் 199 குரோனர், ஆசனம் ஒதுக்க இன்னும் 30. அந்த முப்பதைக் கொடுத்து நான் ஒதுக்கியது அமைதிப் பெட்டியில். போன் கதைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, இருமுவதென்றாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இருமுவார்கள். சோதனைக்குப் போகிறவனுக்கு அமைதி நல்லது என்று நினைத்தேன். போத்தல்களின் குணத்தை நினைக்கவில்லை.

பியரைப் போத்தலில் அடைக்கும்போது ஒரு துளி சீனி போட வேண்டும். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று நுரையை உண்டாக்கும். எல்லாரும் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவார்கள். நான் சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டேன், அதுவும் கைக்கணக்கில். சம்பந்தி வீட்டுக்குப் போகிற பொருள், குறையக் கூடாது அல்லவா?

9 மணியளவில் ரயில் ஸ்டோரபெல்ட் கடலுக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் இறங்கியது. எட்டுக் கிலோமீட்டர் இருட்டு. பிறகு கடல் நடுவே ஒரு தீவு, அதன் பின் நீளப் பாலம். இருபுறமும் சாம்பல் நிறத் தண்ணீர், தூரத்தில் காற்றாலைகள். முதல் தடவை போகிறவர்கள் இடப்பக்க ஜன்னலோரம் இருங்கள். நான் அங்கேதான் இருந்தேன், ஆனால் தண்ணீரைப் பார்க்கவில்லை. காலடியில் என் பை 'ஸ்ஸ்' என்றது.

எதிரே கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்த வயதான பெண்மணி குனிந்து பார்த்தார். அமைதிப் பெட்டியின் சட்டப்படி கிசுகிசுத்தார். அவர் டேனிஷில் சொன்னதை எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் எழுதுகிறேன். இனி வரும் டேனிஷ்காரருக்கும் இதுவே விதி.

"உன்ர பை மூச்சு விடுது."

"பியர். நான் காய்ச்சினது."

"அப்ப கழிவறைக்குள்ள கொண்டுபோய்த் திற. இது எனக்குப் பிடிச்ச காலுறை."

கழிவறையில் அந்தப் போத்தலின் கம்பி மூடியைத் தட்டினேன். நான் அதைத் திறந்தேன் என்று சொல்வது சரியில்லை. அது என்னைத் தாக்கியது. கூரை, கண்ணாடி, கலியாணச் சூட், எல்லாவற்றிலும் நுரை. ஓடென்ஸ நகரம் முழுவதையும் நான் கை உலர்த்தும் யந்திரத்தின் கீழ் சூட் கோட்டைப் பிடித்தபடி கடந்தேன். மற்ற ஐந்து மூடிகளையும் ஊசி நுழையுமளவு நெம்பி, காற்றை விட்டு மூடினேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா மூக்கைச் சுருக்கினார்.

"மணம் நல்லாயிருக்கு," என்றார். "ஆனா அது போத்தலுக்குள்ள இருக்கவேணும்."

ஸ்காண்டர்போர்க்கில் இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாறினேன். ஏரிகளும் காடும் மாறி மாறி வரும் இந்தத் துண்டுதான் வழியிலேயே வடிவானது. சில்க்கெபோர்க் தாண்டியதும் காடு விட்டுப்போய் நிலம் தட்டையாகும். 12.20க்கு இக்காஸ்ட். ஒரு காலத்தில் துணி ஆலைகளால் வாழ்ந்த ஊர். இன்று வேறு தொழிற்சாலைகளின் முறைவேலைக்குப் போகிற தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிரேபன் மேடையில் நின்றார். ஆறடிக்கு மேல். நீல வேலைக் களிசான், காலில் மரக்கட்டைச் செருப்பு. வீடியோவில் ஒரு தடவை கதைத்திருக்கிறோம், நேரில் அன்றுதான்.

"செத்த வீட்டிலயிருந்தோ வாறாய்?" என்றார் என் சூட்டைப் பார்த்து. பிறகு மோந்தார். "ஓ, அங்க நல்லாய்க் குடுத்திருக்கினம்."

டேனிஷில் பிரதமருக்கும் 'நீ'தான். ஆனாலும் சம்பந்தியின் வாயிலிருந்து வந்த முதல் 'நீ' நெஞ்சில் குத்தத்தான் செய்தது.

அவருடைய வீடு ஸ்டேஷனிலிருந்து காரில் ஆறு கிலோமீட்டர், வயல் கரையில். கராஜுக்குள் நீள மேசை, சுற்றி எட்டுப் பேர். கறுப்புப் பாண், சீஸ், நான் கொண்டுபோன வடை, தண்ணீர்க் கூசா, சின்னச் சின்னக் கிளாஸ்கள். மேசையின் நடுவே, பூச்சாடி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெள்ளை வாளி. எட்டுப் பேரில் ஒருவர் நம்மவர்: ஜெரோம், மட்டக்களப்பார், ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை.

"வாங்கண்ணன், சூட்டெல்லாம் போட்டுக் கலக்கலா வந்திரிக்கீங்க," என்று இடம் தந்தார்.

கூட்டத்தின் வழமை இது. ஒருவர் தன் போத்தலைத் திறப்பார். எல்லாருக்கும் இரண்டு மூன்று மிடறு ஊற்றுவார். பிறகு அவர் வாயே திறக்கக் கூடாது. மற்றவர்கள் மோந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குடித்து, மனதில் பட்டதைச் சொல்வார்கள். விருந்தாளியின் போத்தல்தான் முதலில்.

"வெளியில வைச்சுத் திற," என்றார் பிரேபன். நல்ல மனிதர்.

ஊற்றினேன். நிறம் தேன் மாதிரி, நுரை கோபுரம் மாதிரி. லோனே என்ற ஓய்வுபெற்ற தபால்காரி கண்ணை மூடிக் குடித்தார்.

"புகை இருக்கு. அணைச்ச அடுப்புக்குக் கிட்ட நிக்கிற மாதிரி. எனக்குப் பிடிக்குது, ஆனா ஏனெண்டு தெரியேல்லை."

பக்கத்திலிருந்த தாடிக்காரர், "விறுவிறுப்பான பியர்" என்றார். இந்த நாட்டில் ஒருவர் சாப்பாட்டை விறுவிறுப்பு என்றால் இரண்டாம் தரம் போட வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் எனக்குத் தேவை தாடிக்காரரின் தீர்ப்பு இல்லை. பிரேபனைப் பார்த்தேன். கிளாஸை ஜன்னல் பக்கம் பிடித்தார். மோந்தார். உதடு நனையுமளவு ஒரு சொட்டு. ஒரு வார்த்தையும் பேசாமல் கையை நீட்டி, மிச்சம் முழுவதையும் வாளிக்குள் ஊற்றினார்.

பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பிப் போனால் அந்த வீட்டுக்கு என்ன செய்தி என்று உங்களுக்குத் தெரியும். தொடாமல் போவதாவது பரவாயில்லை. இவர் சபை நடுவே, என் கண் முன்னால், வாளிக்குள். அந்த வாளிக்குள் ஆரணியின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

'கழிவறை' என்று சொல்லிவிட்டு வேலியடிக்குப் போய் வதனிக்குப் போன் எடுத்தேன்.

"எல்லாம் முடிஞ்சுது. மனுசன் வாளிக்குள்ள ஊத்திப்போட்டார்."

"என்னத்தை?"

"என்ர பியரை!"

"வடை சாப்பிட்டவரோ?"

"ஓம். ஐஞ்சாறு சாப்பிட்டவர்."

"அப்ப சம்பந்தம் சரி. வையுங்கோ போனை, கறி அடிப்பிடிக்குது."

"அது நீ சுட்ட வடை. நான் காய்ச்சினது வாளிக்குள்ள."

"அப்ப உங்களைத்தான் அவைக்கு வேண்டாம். எங்களை வேணும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜெரோம் சிகரெட் பிடிக்க வெளியே வந்தார். தவிப்பில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மகள், மாஸ், சோதனை, வாளி. அவர் முகத்தில் ஓர் அசைவில்லை.

"ஓமண்ணன்," என்றார் மெதுவாக. "வாளிக்குள்ள போனா கஷ்டம்தான். போன வருசமும் ஒருத்தர்ர பியரை இப்பிடித்தான் ஊத்தினவர்."

"பிறகு?"

"மறுகா என்ன. பொண்ணு இன்னும் வீட்டிலதான் இரிக்கி." சிகரெட்டை அணைத்தார். "உள்ள வாங்க, வடை முடியுது."

நான் ஊரில் எத்தனை பேரை இப்படி ஏய்த்திருப்பேன்! அந்தக் கலையில் கைதேர்ந்தவன் என் முன்னால் நின்று செய்தும் எனக்குப் பிடிபடவில்லை. மேசைக்குத் திரும்பியவன் ஒரு வைராக்கியம் எடுத்தேன். அவர்கள் என்னை அவமதிக்கட்டும். நான் யாருடைய பியரையும் வாளிக்குக் கொடுக்க மாட்டேன். அடுத்து வந்த ஒவ்வொரு கிளாஸையும் அடி காணும்வரை குடித்தேன். கறுப்பு பியர், புளிப்பு பியர், வாழைப்பழம் மணக்கும் கோதுமை பியர். லோனேயின் எல்டர்பூப் பியர் உண்மையிலேயே அருமை. அதைக் குடித்தபோது கொஞ்ச நேரம் கவலையையும் மறந்தேன். பிரேபன் வெளியே நெருப்பு மூட்டிச் சொசேஜ் சுட்டார். அவருடைய பங்கை யாரோ ஜன்னலால் நீட்டினார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தோற்றவனுக்கும் ரோசம் இருக்கிறது.

4 மணி. கூட்டம் கலைந்தது. பலர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். தாடிக்காரர் என் காலிப் போத்தலைத் தூக்கி, அந்தப் புகைக்கு என்ன போட்டாய் என்று கேட்டு, பனங்கட்டி எங்கே வாங்கலாம் என்றும் கேட்டார். அப்போதும் எனக்கு ஆறவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே, ஆறேழு கிளாஸ் தந்த தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"பிரேபன், என்ர பியரை ஏன் வாளிக்குள்ள ஊத்தினனி?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கை.

"நான் கார் ஓட்டவேணும். என்ர சொந்தப் பியரையும் ஊத்தினனான், நீ காணேல்லையோ? உன்ரதில ஒரு போத்தல் ஃபிரிட்ஜுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன். இரவைக்குக் குடிப்பன்."

"அப்ப சோதனை?"

"என்ன சோதனை?"

சொன்னேன். தேத்தண்ணி, பெண் பார்ப்பது, சபை, சூட், ஜெரோம் சொன்னது எல்லாவற்றையும். அவர் காரை ஒரு வயல் வாசலில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"ஜெரோம் எங்கட ஆக்களுக்கும் இப்பிடித்தான் செய்வான். நீ தனியக் காய்ச்சிறாய் எண்டு ஆரணி சொன்னவள். தனியக் காய்ச்சினா விசர் பிடிக்கும். அதுதான் கூப்பிட்டனான்."

"அப்ப பிள்ளையளின்ர விசயம்?" என்றேன். "உனக்கு விருப்பமோ?"

கேள்வியே விளங்காதவர் போல் என்னைப் பார்த்தார். பிறகு காரை எடுத்தார்.

"கலியாணத்துக்கு எண்டு கறுப்பு பியர் ஒண்டு காய்ச்சினனான். கனதியான சாமான். ஒண்டரை வருசமாவது கிடந்தாத்தான் குடிக்கலாம். அவங்கள் நாள் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டிருந்தாச் சரிவராது எண்டு முதலே அடைச்சுப்போட்டன்."

"எப்ப?"

"ஆரணி முதல் தரம் வீட்டுக்கு வந்த கிழமை."

ஆரணி முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனது போன வருடக் கோடையில். நான் சோதனைக்குச் சூட் போட்டுக்கொண்டு ரயில் ஏறியபோது, என் மகளின் கலியாணப் பியர் பிரேபன் வீட்டு நிலவறையில் ஒரு வருடமாகப் படுத்திருந்தது.